15 சதவீதம் ஆதரவு இல்லாதவருக்கு மேடை கிடையாதா? அமெரிக்க விவாதமும் நம்ம ஊர் வேட்பாளர் மேடையும்

அரூர் வாசகர்:

வணக்கம். அரூரில் மாதம் ஒரு முறை கூடிப் பேசுகிற சின்ன வாசகர் வட்டம் எங்களுடையது. வருகிற தேர்தலில் எங்கள் தொகுதியில் நிற்கும் வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்து, ஊர் மக்கள் கேட்கிற கேள்விகளுக்கு அவரவர் வாயாலேயே பதில் சொல்ல வைக்கலாம் என்று ஒரு யோசனை. இடம், மைக், நாற்காலி எதுவும் பிரச்சினை இல்லை. யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் நாங்களே ரெண்டாகப் பிரிந்து நிற்கிறோம்.

ஜெயிக்கிற வாய்ப்புள்ள மூன்று நாலு பேரைக் கூப்பிட்டால் போதும், சுயேச்சைகளையும் சின்னக் கட்சிகளையும் மேடையேற்றினால் கூட்டம் கலைந்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. அவர்கள் உதாரணம் காட்டுவது அமெரிக்காவை. அங்கே அதிபர் தேர்தல் விவாதத்துக்கே ரெண்டு பேரைத்தான் கூப்பிடுகிறார்கள், நாம் என்ன புதிதாகக் கிளம்புகிறோம் என்று கேட்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டெபாசிட் கட்டி, வேட்புமனு ஏற்கப்பட்டு, வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயரும் சின்னமும் வந்துவிட்ட ஒருவரை, "நீ ஜெயிக்கமாட்டாய், அதனால் பேச வேண்டாம்" என்று மக்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே நாங்கள் முடிவு செய்வது எப்படிச் சரியாகும்?

அமெரிக்காவில் இந்த வழக்கம் எப்படி வந்தது, மூன்றாவது ஆள் யாராவது அந்த மேடையில் ஏறியிருக்கிறாரா, வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எங்களுக்கு என்ன விதி பொருந்தும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

முதலில் உங்கள் நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் ரெண்டு பேர் மட்டும் மேடையேறுவது சட்டமும் இல்லை, காலங்காலமாக வந்த மரபும் இல்லை. அங்குள்ள ரெண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. அது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் யாரும் அதை முன்னுதாரணமாகக் காட்டமாட்டார்கள்.

1976, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களிலும் விவாதங்களை நடத்தியது பெண் வாக்காளர் சங்கம் என்ற, கட்சி சாராத அமைப்பு. 1980-ல் ரீகன், கார்ட்டர் இருவரோடு ஜான் ஆண்டர்சன் என்பவர் சுயேச்சையாக நின்றார். கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் இருந்தால் அழைப்பு உண்டு என்று சங்கம் விதி வைத்தது, ஆண்டர்சன் அதைத் தொட்டார், அழைத்தார்கள். அவர் இருந்தால் நான் வரமாட்டேன் என்று அதிபராக இருந்த கார்ட்டர் ஒதுங்கிவிட்டார். கார்ட்டர் இல்லாமலேயே பால்டிமோரில் ரீகனும் ஆண்டர்சனும் விவாதித்தார்கள். கவனியுங்கள், வர மறுத்தவர் பெரிய ஆள், ஆனாலும் நிகழ்ச்சி நடந்தது. பிறகு ஆண்டர்சனின் ஆதரவு சரிந்ததும் அக்டோபர் கடைசியில் ரீகன் கார்ட்டர் ரெண்டு பேர் மட்டும் மோதினார்கள்.

இப்படி ஒரு வெளி அமைப்பு தங்களுக்கு விதி போடுவது ரெண்டு கட்சிக்கும் பிடிக்கவில்லை. 1987-ல் குடியரசுக் கட்சித் தலைவரும் ஜனநாயகக் கட்சித் தலைவரும் சேர்ந்து அதிபர் விவாத ஆணையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆணையம் என்ற பெயரைப் பார்த்து நம்ம தேர்தல் ஆணையம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், அது தனியார் அமைப்பு. 1988-ல் ரெண்டு பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இதை அப்படியே நடத்துங்கள் என்று நீட்டியபோது, வாக்காளர்களை ஏமாற்றுகிற வேலைக்கு நாங்கள் துணை போகமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டுப் பெண்கள் சங்கம் விலகியது. அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். 2004-ல் புஷ், கெர்ரி தரப்புகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் 32 பக்கம், எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று எல்லாம் அதில் எழுதி வைத்தார்கள்.

மூன்றாவது ஆள் ஏறியது 1992-ல். ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் சுயேச்சையாக நின்றார். ரெண்டு தரப்பும் சம்மதித்ததால் மூன்று விவாதங்களிலும் இருந்தார். விவாதம் தொடங்குகிற நேரத்தில் கருத்துக்கணிப்பில் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தவர், தேர்தலில் கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினார். அரசாங்கத்தின் கடனும் பற்றாக்குறையும் அந்தத் தேர்தலில் அவ்வளவு பேசப்பட்டதற்கு அவர்தான் பெரிய காரணம். சரி, இப்படி ஒருவர் நாலு வருஷம் கழித்து மறுபடி நின்றால் என்ன செய்ய வேண்டும்? 1996-ல் போன தேர்தல் வாக்கைக் கணக்குப் பார்த்து அரசாங்கமே அவருக்குச் சுமார் 2.9 கோடி டாலர் பிரசார நிதி கொடுத்தது. ஆணையமோ, ஜெயிக்க வாய்ப்பில்லை என்று சொல்லி விவாதத்துக்குக் கூப்பிடவில்லை. மக்கள் வரிப்பணம் கொடுக்கத் தகுதி இருக்கிறதாம், அந்த மக்கள் முன்னால் பேசத் தகுதி இல்லையாம். அந்த முறை அவருக்கு 8 சதவீதம் சொச்சம்தான்.

2000-லிருந்து விதி இன்னும் இறுகியது. ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் 15 சதவீதம் வேண்டும், ஜெயிப்பதற்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகள் (அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கிய தேர்வாளர்கள்தான்) கிடைக்கும் அளவுக்கு மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு மூன்றாவது வேட்பாளர்கூட அந்த மேடையில் ஏறவில்லை. 1992 பெரோவே இந்த விதியில் தேறியிருக்கமாட்டார். நீச்சல் தெரிந்தவன் மட்டும் கிணற்றில் இறங்கு என்று சொன்னால் எவனும் நீச்சல் கற்கப்போவதில்லை, அதேதான் இது. மேடையில் பார்த்தால்தான் மக்களுக்குப் பெயரே தெரியும், பெயர் தெரிந்தால்தான் கணிப்பில் சொல்வார்கள், கணிப்பில் வந்தால்தான் மேடை.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் இன்னும் வருத்தமாக இருக்கும். 2000-ல் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர், பாஸ்டனில் விவாதம் நடந்த வளாகத்தின் பக்கத்து அரங்கில் திரையில் பார்ப்பதற்கு டிக்கெட்டோடு போனார். அதற்கும் விடாமல் போலீசை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 2012-ல் அதே கட்சியின் ஜில் ஸ்டைன் விவாத வளாகத்துக்குள் நுழைய முயன்று கைதாகி, துணை அதிபர் வேட்பாளரோடு மணிக்கணக்கில் நாற்காலியோடு விலங்கிடப்பட்டு உட்கார வைக்கப்பட்டார். பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர் இருந்த வேட்பாளர் அவர்.

2024-ல் பைடனும் டிரம்பும் அந்த ஆணையத்தையே ஓரங்கட்டிவிட்டு நேராகத் தொலைக்காட்சிகளோடு பேசிக்கொண்டார்கள். ஆணையம் போனாலும் 15 சதவீதம் போகவில்லை. சிஎன்என் நாலு கணிப்புகளில் 15 வேண்டும் என்றது, சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் மூன்றில் தொட்டும் ஜூன் விவாதத்தில் இடம் கிடைக்கவில்லை. வாக்குச்சீட்டில் போதுமான மாநிலங்களில் அவர் பெயர் அப்போது இன்னும் உறுதியாகவில்லை என்பதும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலக்கோடு டீச்சர்:

தகவல்களுக்கு நன்றி சார். ஆனாலும் ஒரு வடிகட்டி வேண்டும் என்பது என் கருத்து. 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, நினைவிருக்கிறதா? ஓட்டுச்சீட்டே புத்தகமாக அச்சடித்தார்கள், தேர்தலே தள்ளிப்போனது. விவசாயிகள் தங்கள் குறையை நாடு பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அத்தனை பேரையும் வைத்து விவாதம் நடத்த முடியுமா?

அதற்குப் பிறகு டெபாசிட் தொகையை உயர்த்தினார்கள், சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். நம்ம தர்மபுரியிலேயே 2024-ல் மேட்டூர் பத்மராஜன் நின்றார், இருநூறு தேர்தல்களுக்கு மேல் தோற்றவர். யாரும் நிற்கலாம் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம், அதை மதிக்கிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து, சமையலைத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்காருகிற பெண்களுக்கு, அடுத்த ஐந்து வருஷம் ரோடும் தண்ணியும் யார் கையில் என்று தெரிய வேண்டும். ஒரு வேட்பாளருக்கு ரெண்டு நிமிஷம் என்று இருபது பேர் பேசினால், நிஜமாகவே ஜெயிக்கப்போகிற ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்க நேரம் இருக்காது. அவர் தப்பித்துவிடுவார். பெரிய கட்சிக்காரருக்கு அதுதான் வசதி.

கிருஷ்ணகிரி வக்கீல்:

டீச்சர் கடைசியில் சொன்னது முக்கியமான விஷயம். வடிகட்டி வேண்டுமா என்பதைவிட, அதை யார் வைக்கிறார்கள், எதை வைத்து அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு வேட்பாளருக்கு வானொலியிலோ தொலைக்காட்சியிலோ நேரம் கொடுத்தால் மற்ற எல்லாருக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1960-ல் கென்னடி நிக்சன் விவாதம் நடக்க அந்தப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். 1975-ல் வானொலி, தொலைக்காட்சிகளைக் கண்காணிக்கிற அரசு ஒழுங்குமுறை ஆணையம், வெளி அமைப்பு நடத்தும் விவாதம் செய்தி நிகழ்வு, அதற்கு அந்த விதி பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அங்கேதான் கதவு அடைபட்டது. 1998-ல் ஆர்கன்சா மாநிலத்து அரசு தொலைக்காட்சி ஒரு சுயேச்சையை விவாதத்திலிருந்து விட்டுவிட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தொலைக்காட்சி பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பிலும் ஒரு வரம்பு உண்டு, அவருடைய கருத்துக்காக அவரை ஒதுக்கக் கூடாது, காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும். அங்குள்ள தேர்தல் ஆணைய விதியும், விவாதம் நடத்துகிறவர்கள் அளவுகோலை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும், அது பாரபட்சமில்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வட்டம் அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் இதுதான். யார் நிற்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே விதியை எழுதி எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டிவிடுங்கள்.

எதை வைத்து அளப்பது என்பதற்கு நம்ம மாவட்டத்தையே பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பாமக மாநில அளவில் வாங்கியது 4 சதவீதம் சொச்சம். 15 சதவீத விதியை மாநிலக் கணக்கில் வைத்தால் அந்தக் கட்சிக்கு மேடை கிடையாது. ஆனால் தர்மபுரியில் சௌமியா அன்புமணி நாலு லட்சத்துக்கு மேல் வாங்கி, சுமார் 21 ஆயிரம் வாக்கில்தான் திமுகவிடம் தோற்றார். அதிமுக இங்கே மூன்றாவது இடம். அப்போது தர்மபுரியில் மூன்றாவது கட்சி எது? அமெரிக்காவிலும் இதே குழப்பம் உண்டு. 1968-ல் ஜார்ஜ் வாலஸ் நாடு முழுக்க 13.5 சதவீதம்தான், ஆனால் தெற்கில் ஐந்து மாநிலங்களை ஜெயித்து 46 தேர்வாளர் வாக்கு எடுத்தார். இனப் பாகுபாட்டை ஆதரித்த ஆள், அவர் அரசியலில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். பெரோ 19 வாங்கியும் ஒரு தேர்வாளர் வாக்குகூட இல்லை. மாநிலம் மாநிலமாக முடிவாகிற தேர்தலுக்கு நாடு தழுவிய கணிப்பை வாசலில் வைத்ததே பொருந்தாத அளவுகோல்.

நாம் தமிழர் கட்சியையும் பாருங்கள். 2016-ல் ஒரு சதவீதம் சொச்சம், 2024-ல் 8 சதவீதத்தைத் தாண்டியதால் ஒரு இடம்கூட ஜெயிக்காமல் மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. நம்ம தேர்தல் ஆணைய விதியில் அதற்கு வழி இருக்கிறது. 1998-லிருந்து தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு ஒரு பகுதி நேரம் சமமாகவும், மீதி முந்தைய வாக்கைப் பொறுத்தும் ஒதுக்குகிறார்கள். சுயேச்சைக்கு அதில் இடமில்லை என்பது குறைதான். ஆனாலும் கட்சிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாமல், பொதுவான ஒரு அமைப்பு விதி வைக்கிறது பாருங்கள், அந்த வித்தியாசம் பெரிது.

மொரப்பூர் ஜங்ஷன்:

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். மூன்றாவது ஆளுக்கு மேடை கொடுத்தால் நடப்பது ஓட்டுப் பிரிவதுதான். 2000-ல் புளோரிடாவில் நாடர் வாங்கியது 97,488 ஓட்டு, புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். நாடருக்குப் போட்டவர்களில் பலர் புஷ் வேண்டாம் என்று நினைத்தவர்கள். விவாதத்திலும் ஏற்றியிருந்தால் இன்னும் பிரித்திருப்பார். அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஓசூர் நைட் ஷிப்ட்:

மொரப்பூர் அண்ணா, அந்த எண்கள் சரி. ஆனால் நாடரை மேடையேற்றாமலேதானே ஓட்டுப் பிரிந்தது? கதவைச் சாத்தியதால் அது நிற்கவில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் அந்த மாநிலத்தையே மொத்தமாக அள்ளிக்கொள்ளும் தேர்தல் முறையிலிருந்துதான் அந்தச் சிக்கல் வருகிறது. மெய்ன் மாநிலத்தில் 2020 அதிபர் தேர்தலிலிருந்து ஒன்று, ரெண்டு, மூன்று என்று விருப்ப வரிசை போட்டு வாக்களிக்கிறார்கள், முதல் விருப்பம் தேறாவிட்டால் அந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். அதுதான் அதற்கு மருந்து. வாயை மூடச் சொல்வது மருந்து இல்லை.

இன்னொன்று. மின்னசோட்டாவில் 1998 ஆளுநர் தேர்தலில் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற முன்னாள் மல்யுத்த வீரர் சின்னக் கட்சியில் நின்றார். கணிப்பில் 10 சதவீத அளவில்தான் இருந்தார், ஆனாலும் ரெண்டு பெரிய கட்சி வேட்பாளர்களோடு விவாதங்களில் சேர்த்துக்கொண்டார்கள். 37 சதவீதம் வாங்கி ஆளுநரே ஆகிவிட்டார். அவர் நல்லாட்சி தந்தாரா என்பது வேறு பேச்சு. ஜெயிக்க வாய்ப்பில்லை என்று முன்கூட்டியே யாராலும் சொல்லிவிட முடியாது, அதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டீச்சர் கேட்ட கூட்ட நெரிசலுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 15 சதவீதத்தை எடுத்துவிட்டு, 270-க்குப் போதுமான மாநிலங்களில் பெயர் இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் வைத்தால்கூட 2016-ல் மேடையில் நாலே பேர்தான் இருந்திருப்பார்கள், கிளிண்டன், டிரம்ப், கேரி ஜான்சன், ஜில் ஸ்டைன். ஜான்சன் பெயர் 50 மாநிலங்களிலும் இருந்தது, 45 லட்சம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். நாலு பேர் ஒரு கூட்டமா? பிரான்சில் 2017-ல் முதலில் ஐந்து பேரை மட்டும் வைத்து ஒரு விவாதம் நடந்தது, பிறகு ஏப்ரலில் 11 வேட்பாளர்களையும் நிற்க வைத்து இன்னொன்று நடத்தினார்கள். நீளமாக இருந்தது, ஆனால் நடந்தது.

தேன்கனிக்கோட்டை ராகி:

எனக்கு அமெரிக்கா பற்றி அதிகம் தெரியாது. எங்கள் பக்கம் அறுவடை நேரத்தில் யானை இறங்கி ராகிக் காட்டை மிதித்துவிட்டுப் போகிறது, ராத்திரி முழுக்க முழித்துக் காவல் காக்கிறோம். பெரிய கட்சி மேடைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை, வந்தால் கடைசியில் ஒரு வரி. இதை மட்டுமே பேசுகிற ஒரு சுயேச்சை ஜெயிக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், ஜெயிக்கப்போகிறவர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரோ கடனைப் பேச வைத்தார் என்று மேலே எழுதியிருக்கிறார்களே, எங்களுக்கும் அதுதான் வேண்டும். மாங்காய் விலைக்கும், ஃப்ளோரைடு தண்ணிக்கும் அப்படித்தான்.

பாலக்கோடு டீச்சர்:

ராகி அண்ணா சொன்ன பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறுகிறது. எல்லாரையும் கூப்பிடலாம். ஆனால் பெரிய வேட்பாளரைக் குறுக்குக் கேள்வி கேட்கிற நேரம் குறையக் கூடாது என்பதில் நான் அப்படியேதான் நிற்கிறேன். அதற்கு ஒரு வழி செய்யுங்கள்.

அரூர் வாசகர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். அமெரிக்காவைக் காட்டியவர்களே, அந்த விதியை ரெண்டு கட்சிகளே போட்டுக்கொண்டன என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் யோசித்திருப்பது இதுதான். வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியலில் பெயர் வருகிற எல்லாருக்கும் அழைப்பு, அது ஒன்றே தகுதி. இதை இப்போதே எழுதி நூலகப் பலகையில் ஒட்டிவிடுகிறோம். முதல் ஒரு மணி நேரம் ஆளுக்கு மூன்று நிமிஷம், எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தொகுதியில் முதல் ஒரு வருஷத்தில் என்ன செய்வீர்கள் என்று. அடுத்த ரெண்டு மணி நேரம் மக்கள் கேள்வி, எந்த வேட்பாளரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், டீச்சர் சொன்ன குறுக்குக் கேள்விக்கு அங்கே இடம் கிடைக்கும். சுயேச்சைகளும் பெரிய கட்சிக்காரரிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம்.

பெரிய கட்சி ஆட்கள் வர மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் மீதி இருக்கும் கவலை. அவர்கள் இல்லாமல் நடத்தலாமா, தள்ளி வைக்கலாமா?

கிருஷ்ணகிரி வக்கீல்:

தள்ளி வைக்காதீர்கள். ஒருவர் வரவில்லை என்றால் நிகழ்ச்சியே நடக்காது என்று தெரிந்துவிட்டால், வராமல் இருப்பதே அவருடைய ஆயுதமாகிவிடும். 1980-ல் கார்ட்டர் வரமாட்டேன் என்றபோது அவருக்காக ஒரு காலி நாற்காலி போட்டுவிடலாமா என்றுகூட அந்தப் பெண்கள் சங்கம் யோசித்தது, பிறகு விட்டுவிட்டார்கள். நீங்களும் நாற்காலி போட வேண்டாம், தேவையில்லாத சண்டை வரும். அழைப்புக் கடிதம் கொடுத்த தேதியையும் வந்த பதிலையும் கூட்டத்தில் ஒரு முறை வாசியுங்கள், போதும்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை கொஞ்சம். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோயில், மசூதி, சர்ச் இடங்கள் வேண்டாம். வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் நின்றுவிடும் என்பதால் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தேதி வையுங்கள். முக்கியமாக, இறுதிப் பட்டியல் வரிசைப்படி பேச விடாதீர்கள். அந்தப் பட்டியலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலிலும் பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்தும் சுயேச்சைகள் கடைசியிலும்தான் இருப்பார்கள். அப்படியே கூப்பிட்டால் சுயேச்சை பேச வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள்.

பாலக்கோடு டீச்சர்:

நேரம் பார்க்க எங்கள் பள்ளிப் பெண்கள் ரெண்டு பேரை அனுப்புகிறேன், மூன்று நிமிஷம் முடிந்ததும் மணி அடிப்பார்கள், யாராக இருந்தாலும். கேள்விச் சீட்டுகளை ஒரு வாரம் முன்பே ரேஷன் கடை, பால் சொசைட்டி பக்கம் வைத்து எழுதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் மேடைக்கு முன்னால் கட்சிக்காரர்கள் மட்டும்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள் சார், பாலக்கோட்டிலிருந்து சிலர் பார்க்க வருகிறோம். எங்கள் தொகுதியிலும் நடத்த வேண்டும்.